கொக்கு என்று எழுதியிருந்த இடத்தில்

அன்புள்ள மகனுக்கு,

ஈரோட்டிலிருந்து நீ எழுதிய கடிதமும், அதற்குள் மடித்து வைத்திருந்த பத்திரிகைத் தாள்களும் செவ்வாய்க்கிழமைத் தபாலில் வந்து சேர்ந்தன. பதில் எழுத எனக்குப் பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. இந்தப் பன்னிரண்டு நாளில் நீ என்னவெல்லாம் நினைத்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். அப்பா மருமகள் பக்கம் சேர்ந்துகொண்டார் என்று நினைத்திருப்பாய். இல்லையென்றால், கதையில் ஏதோ விபரீதத்தைக் கண்டுபிடித்துவிட்டு அதைச் சொல்லக் கூசுகிறார் என்று நினைத்திருப்பாய். ஒருவர் சும்மா இருந்தால் அந்தச் சும்மாவுக்கும் ஓர் உட்பொருள் தேடுகிற புத்தி உனக்கு உண்டு. அது உனக்கு யாரிடமிருந்து வந்தது என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். ஆபீஸில் வைத்துப் படிக்காதே. வீட்டுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, ஒரே மூச்சில் படி.

முதலில் நீ கேட்டதை நான் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறேனா என்று பார். உன் மனைவி தெய்வானை உனக்குச் சொல்லாமல் ஒரு சிறுகதை எழுதி மாதப் பத்திரிகைக்கு அனுப்பியிருக்கிறாள். அது அச்சாகி வந்தது. உன் ரயில்வே கூட்ஸ் ஆபீஸில் ஒருவர் அதை உன் மேஜைமேல் வைத்துச் சிரித்தார். கதை இதுதான்: ஒருத்தி தன் வீட்டுக் கொல்லையில் ஓர் அவரைக்கொடி நடுகிறாள். அவள் புருஷன் பலகைப் பெட்டிகளைக் கொண்டுவந்து கொல்லையில் அடுக்கி வெயிலை மறைத்துவிடுகிறான். கொடி மதிலேறி அடுத்த வீட்டுப் பக்கம் போய்ப் பூத்துக் காய்க்கிறது. அடுத்த வீட்டார் காயைப் பறித்து, தினமும் காலையில் முறத்தில் வைத்து மதில்மேலாக நீட்டுகிறார். அவள் வாங்கிக்கொள்கிறாள். ஒருநாள் புருஷன் கொடியை வேரோடு பிடுங்கிவிடுகிறான். அதோடு கதை முடிகிறது. நீ அதைப் படித்துவிட்டுத் தெய்வானையோடு சண்டை போட்டு, அவளைச் சூலூரில் அவள் பெற்றோர் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாய். வந்தவன் எனக்கு எழுதினாய்: “உள்ளுறை உவமம் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவர் நீங்கள். அவரைக்கொடி யார், அடுத்த வீட்டுக்காரன் யார் என்று பிரித்து எழுதுங்கள். உங்கள் பதிலைப் பார்த்துத்தான் அவளைத் திரும்ப அழைப்பதா என்று முடிவு செய்வேன்.”

வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். உன் கடிதம் வந்ததும் எனக்குள்ளே ஒரு குஷி பிறந்தது. இருபத்தேழு வருஷம் உயர்நிலைப் பள்ளியில் தமிழ்ப் பண்டிதனாக இருந்து ஓய்வு பெற்றவனிடம் யாரோ மறுபடியும் பொருள் கேட்கிறார்களே என்ற குஷி. என் மருமகளின் வாழ்க்கை அந்தத் தாளில் இருக்கிறது என்பது உடனே எனக்குத் தோன்றவில்லை. அன்று மத்தியானமே சிவப்பு மையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கொடி என்ற சொல்லுக்கு வட்டம் போட்டு ‘பெண்’ என்று எழுதினேன். மதில் என்பதற்கு ‘கற்பு’ என்று எழுதினேன். முறத்தின் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன். அடுத்த வீட்டார் என்ற இடத்துக்கு வந்தபோது, உங்கள் ரயில்வே குடியிருப்பில் உன் வீட்டுக்கு இரண்டு பக்கத்திலும் யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். உன்னைப் போலவேதான், கண்ணு. உன்னைவிட வேகமாக.

உன் அம்மா மோர் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தாளைப் பார்த்தாள். அவளுக்குப் படிப்பு எழுத்துக்கூட்டும் அளவுக்குத்தான் என்பது உனக்குத் தெரியும். “என்னங்க இது, ரத்தம் வந்தாப்பல இருக்குது?” என்று கேட்டாள். விஷயத்தைச் சொன்னேன். “கதையெ எழுதுனவ பன்னண்டு மைலுக்கு அக்கட்டால சூலூருல உக்காந்திருக்கறா. அவளெ ஒரு வார்த்தை கேக்காம, காயிதத்தைப் போட்டு உரிச்சுக்கிட்டு இருக்கறீங்களே” என்றாள். அவள் போன பிறகு நான் பேனாவை மூடி வைத்துவிட்டேன். அவள் சொன்னது மட்டும் அதற்குக் காரணமில்லை. சிவப்பு மையை நான் ஒரு பாட்டின்மேல் முன்பு ஒருமுறை போட்டிருக்கிறேன். அதை இதுவரை உன் அம்மாவுக்குக்கூடச் சொன்னதில்லை.

அதற்கு முன் உன்னிடம் ஒரு மன்னிப்புப் பாக்கி. நீ மூன்றாம் பாரம் படித்தபோது என் வகுப்பில்தான் இருந்தாய். ‘எனக்குத் தெரிந்த ஒரு பிராணி’ என்று கட்டுரை எழுதச் சொன்னேன். நீ ஒரு கிழட்டு எருதைப் பற்றி எழுதினாய். அது காரணமில்லாமல் உதைக்கும், தீனி போடுகிறவரையே முட்டும், கயிற்றைக் கண்டால் மட்டும் சாதுவாக நிற்கும் என்று எழுதியிருந்தாய். அதை வாசித்த பையன்கள் சிரித்தார்கள். நான் உன் கை வீங்குகிற அளவுக்குப் பிரம்பால் அடித்தேன். எதற்கு அடிக்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான், “எருதுன்னு யாரடா சொன்னே?” என்று கேட்டேன். நீ விக்கி விக்கி, “அது மாமன் தோட்டத்து எருதுங்கப்பா” என்றாய். நான் நம்பவில்லை. நம்பவில்லை என்பதைவிட, நம்பினால் அடித்தது தப்பாகிவிடும் என்பதால் நம்ப மறுத்தேன். அன்றைக்கு நீ ஒன்று கற்றுக்கொண்டிருப்பாய்: எழுதுகிறவன் என்ன எழுதினாலும் படிக்கிறவனைத் தாக்கத்தான் எழுதுகிறான் என்று. இப்போது நீ படிக்கிறவன் ஆகிவிட்டாய்.

நான் வகுப்பில் என்ன சொல்லிக்கொடுத்தேன் என்பது உனக்கு நினைவிருக்கும். பழம்பாட்டில் புலவன் குளத்தையும் மீனையும் நாரையையும் பாடிக்கொண்டு போவான், அவன் சொல்லவந்த மனிதர்களின் கதை அவற்றுக்குள்ளே ஒளிந்துகொண்டிருக்கும், அதைத் தோண்டி எடுப்பவனே ரசிகன் என்று சொல்வேன். அதில் தப்பில்லை. ஆனால் அதோடு நிறுத்தமாட்டேன். “பாட்டில் வருகிற பறவை ஒருநாளும் வெறும் பறவை அல்ல” என்று மேஜையைத் தட்டிச் சொல்வேன். பையன்கள் எழுதிக்கொள்வார்கள். அந்த ஒரு வாக்கியத்துக்காக ஒரு மனிதர் ஜெயிலுக்குப் போனார்.

தையற்கடை ரங்கசாமியை உனக்குத் தெரியும். உக்கடத்தில், ஏரிக்குப் போகிற வழியில், ஒற்றை மிஷின் வைத்துக் கடை நடத்தியவர். உனக்கு முதல் கால்சட்டை தைத்தவர் அவர்தான். எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. பள்ளிக்கூடம் போய்ப் படித்தவர் அல்ல. ஆனால் செய்யுள்மேல் அவருக்கு ஒரு பைத்தியம். வெட்டிய துணிக்குச் சுற்றியிருக்கும் காகிதத்தில் பென்சிலால் வெண்பா எழுதி வைத்திருப்பார். மாதத்துக்கு ஒருமுறை அவற்றை எடுத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வருவார். நான் தளை பார்த்துத் திருத்திக் கொடுப்பேன். எனக்குக் கோட்டுத் தைத்துத் தருவார். எங்களுக்குள் சிநேகம் என்று சொல்லலாம். ஊரில் எனக்கு இருந்த ஒரே சிநேகம் அது என்றும் சொல்லலாம்.

வெள்ளைக்காரன் வெளியேற வேண்டும் என்று தெருவெல்லாம் மறியலும் ஊர்வலமுமாக இருந்த காலம். அந்தச் சமயத்தில் அவர் ஏரியைப் பற்றி ஐந்து வெண்பா கொண்டுவந்தார். விடிகாலையில் ஏரியில் ஒரு கொக்கு ஒற்றைக்காலில் நிற்கிறது. கரையில் ஜனங்கள் கூடிக் கூச்சல் போடுகிறார்கள். கொக்கு அசையவில்லை. மீன்கள் அடியில் பதுங்கிக் கிடக்கின்றன. உச்சிப்பொழுதில் கலங்கிய நீர் தெளிகிறது. கொக்கு ஒன்றும் கொத்தாமல் எழுந்து பறந்துபோகிறது. இவ்வளவுதான் பாட்டு. ஓரிடத்தில் ‘கொக்கு’ என்று எழுதியிருந்தார். அங்கே தளை தட்டியது. ஓர் அசை குறைந்தது. நான் அதைச் சிவப்பு மையால் அடித்து, மேலே ‘வெண்குருகு’, அதாவது வெள்ளைக் கொக்கு, என்று எழுதினேன். ஓசை நிறைந்துவிட்டது. “எத்தனை லட்சணமா உக்காந்துபோச்சுங்க!” என்று அவர் சந்தோஷப்பட்டார். அந்தப் பிரதியையே ஊரிலிருந்த ஒரு சின்னப் பத்திரிகைக்குக் கொடுத்தார். அவர்களும் போட்டார்கள்.

இரண்டு வாரம் கழித்துப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர் வந்தார். தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். இன்ஸ்பெக்டர் மரியாதையான மனுஷர்; நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். பத்திரிகையை என் முன்னே விரித்து வைத்தார்.

“நீங்க பண்டிதர். இந்த வெள்ளைக் கொக்குல இந்த ஆளு என்ன வச்சிருக்கான்னு எனக்குச் சொல்லணுமுங்க. அச்சாபீசுல கையெழுத்துப் பிரதியும் எடுத்துட்டோம். அதுல யாரோ சிவப்பு மையில திருத்தியிருக்காங்க” என்றார்.

அவர் என் சட்டைப்பையைப் பார்த்தார். அதில் என் சிவப்பு மைப் பேனா இருந்தது. இன்றுவரை எனக்குத் தெரியாது, அவர் பேனாவைத்தான் பார்த்தாரா, சும்மா கண் போன இடம் அதுவா என்று. நான் அதை ஒரு குறிப்பாக எடுத்துக்கொண்டேன். ‘நீதான் திருத்தினாய் என்று எனக்குத் தெரியும், நீ குற்றமற்றவன் என்று காட்டிக்கொள்’ என்று அந்தப் பார்வைக்குப் பொருள் செய்தேன். அந்த ஒரு நொடியில் என் மனம் எப்படி ஓடிற்று என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். முதலில் பயம். அடுத்த நொடியே ரங்கசாமிமேல் சந்தேகம். இத்தனை வெண்பாவில் அந்த ஓரிடத்தில் மட்டும் ஏன் தளை தட்டியது? ‘வெண்’ என்ற சொல்லை என் கையாலேயே எழுத வைக்கத்தான் வேண்டுமென்றே பிழையாக எழுதிக்கொண்டு வந்தாரா? என்னை உள்ளே இழுத்துவிட்டாரா? இப்போது எழுதும்போது பைத்தியக்காரத்தனமாக இருக்கிறது. அப்போது அது சூரிய வெளிச்சம் போல் தெளிவாக இருந்தது. அவர் எனக்குத் துரோகம் செய்துவிட்டார் என்றே முடிவு கட்டிவிட்டேன்.

இன்ஸ்பெக்டர் ஒரு காகிதம் கொடுத்தார். மூன்று பக்கம் எழுதினேன். வெண்குருகு என்பது வெள்ளை அரசாங்கம். ஒற்றைக்காலில் நிற்பது அதன் பொய்த்தவம். பதுங்கும் மீன்கள் குடிமக்கள். கரையில் எழும் கூச்சல் ஊர்வலம். உச்சிப்பொழுது விடுதலை. கொத்தாமல் பறந்துபோவது, வெள்ளையர் வெறுங்கையோடு வெளியேறுவார்கள் என்ற சூளுரை. ஒவ்வொன்றும் அச்சில் வார்த்ததுபோல் பொருந்திற்று. தம்பி, என் ஆயுளில் நான் எழுதிய உரைகளிலேயே சிறந்தது அதுதான். எழுதி முடித்தபோது பயம்கூட மறந்துபோய், ஒரு கணம் எனக்குப் பெருமையாக இருந்தது. ‘வெண்’ என்ற சொல் யாருடையது என்பதை மட்டும் அந்த மூன்று பக்கத்தில் நான் எழுதவில்லை.

ரங்கசாமிக்கு ஆறு மாதம் விதித்தார்கள். நீகூட அப்போது அவரைத் தெரியும் என்று சிநேகிதர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாய். “தையல்காரரு ஊட்டுல அவரு சம்சாரம் தனியாத்தானே இருக்குது, ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வரலாமுங்களா?” என்று உன் அம்மா கேட்டாள். போலீஸ் கண்ணில் பட வேண்டாம் என்று சொல்லித் தடுத்துவிட்டேன்.

விடுதலையாகி வந்த நாலாம் நாள் அவர் நம் வீட்டுக்கு வந்தார். பாதியாக இளைத்திருந்தார். கடை கையைவிட்டுப் போயிருந்தது. பழைய சிநேகத்தோடு சிரித்துக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தார்.

“ஏனுங்க பண்டிதரே, கோர்ட்டுல என்ற பாட்டுக்கு ஒரு உரை வாசிச்சாங்க, நீங்க கேட்டிருக்கோணும். யாரோ படிச்ச ஆளு எழுதிக் குடுத்திருக்கறாரு. நானே கையெக் கட்டிக்கிட்டு நின்னு கேட்டனுங்க. இத்தனை பெரிய பாட்டையா நாம எழுதிப்போட்டோம்னு எனக்கே மலைப்பாப் போச்சுங்க.”

“அப்போ அது அர்த்தமில்லையா?” என்று கேட்டேன்.

“அர்த்தமென்னங்க அர்த்தம்? அந்தக் கொக்கு அன்னைக்கி அங்க நின்னுதுங்க. அவ்வளவுதானுங்க.”

பிறகு சொன்னார். எனக்கு அவர் பழக்கமாவதற்கு ஐந்தாறு வருஷத்துக்கு முன், அவருடைய எட்டு வயது மகள் அந்த ஏரியில் முழுகிப்போயிருக்கிறாள். நல்ல மழை பெய்த வருஷம். விடிகாலையிலிருந்து உச்சிவரை ஆட்கள் இறங்கித் தேடியிருக்கிறார்கள். கரையெல்லாம் கூச்சல். அத்தனை சத்தத்திலும் ஒரு கொக்கு எதிர்க்கரையோரம் ஒற்றைக்காலில் நின்றுகொண்டே இருந்திருக்கிறது. “புள்ளையெத் தூக்கிக்கிட்டு மேல வந்தாங்க. அப்பத்தான் அது எந்திரிச்சுப் போச்சுங்க. அதெ மட்டும் என்னால மறக்க முடியலீங்க. புள்ளையெ எழுதலாம்னு உக்காந்தா கை ஓடறதில்லை. கொக்கெ எழுதிப்போட்டேன்.”

“இதைக் கோர்ட்டில் சொல்லியிருக்கலாமே?”

“கொக்குதானுங்கன்னு சொன்னேன். சிரிச்சாங்க. அத்தனை பேருக்கு முன்னால புள்ளை பேச்செ எடுக்க வாய் வரலீங்க.” பிறகு, “சிவப்பு மையில திருத்துனது யாருன்னும் கேட்டாங்க. நான்தான்னு சொல்லிப்போட்டேன். உங்களெ எதுக்குங்க வம்புல இழுத்து உடோணும்?” என்றார்.

சொல்லுவதற்கு அதைவிட நல்ல வேளை எது? நான் சொல்லவில்லை. உன் அம்மாவைக் காப்பி கொண்டுவரச் சொன்னேன்.

அன்றோடு அது முடிந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். அன்றுதான் எனக்குத் தண்டனை தொடங்கியது. அவர் வேறொரு சந்தில் சின்னதாகக் கடை போட்டார். மறுபடி நம் வீட்டுக்கு வரப் போக இருந்தார். அவர் சொல்லும் ஒவ்வொரு வார்த்தைக்கும் நான் உட்பொருள் தேடினேன். ‘சௌக்கியமுங்களா’ என்றால், நன்றாகத் தூங்குகிறாயா என்று குத்துகிறாரோ என்று தோன்றும். இரண்டு வாரம் வராவிட்டால் தெரிந்துகொண்டுவிட்டார் என்று நினைப்பேன். வந்தால், தெரிந்துகொண்டு வேவு பார்க்க வந்திருக்கிறார் என்று நினைப்பேன். ஒருமுறை என் கறுப்புக் கோட்டுக்கு வெள்ளைப் பொத்தான் வைத்துத் தைத்திருந்தார். வெள்ளை! எட்டு நாள் அந்தக் கோட்டை ஆணியில் மாட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் கேட்டேவிட்டேன். “கறுப்புத் தீந்துபோச்சுங்க. மாத்தித் தரட்டுங்களா?” என்றார். அதையும் நான் நம்பவில்லை. இப்படி ஆறேழு வருஷம். ஒரு மனிதனைக் காட்டிக்கொடுத்தவனுக்கு அவன் முகம் படிக்க முடியாத எழுத்தாகிவிடுகிறது. நீ உன் மனைவியின் முகத்தை இப்போது அப்படித்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று உன் கடிதத்தின் நாலாவது வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

போன வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் சூலூர் போனேன். அங்கேயும் சந்தேகத்தோடுதான் போனேன் என்பதை மறைக்கவில்லை. வழியெல்லாம் தெய்வானை என்ன பொய் சொல்வாள், அதை எப்படி மடக்குவது என்று யோசித்துக்கொண்டே போனேன். சம்பந்தி தோட்டத்துக்குப் போயிருந்தார். சம்பந்தியம்மா முகம் கொடுத்துப் பேசவில்லை. தண்ணீர் மட்டும் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். தெய்வானை கதவோரம் வந்து நின்றாள். மெலிந்திருக்கிறாள். நான் சுற்றி வளைக்காமல், “அம்மணி, உன் கதையைப் படித்தேன். அந்த அவரைக்கொடி யார்?” என்று கேட்டேன். அவள் ‘அது வெறும் கொடிதானுங்க மாமா’ என்று சொல்வாள், ரங்கசாமியின் கொக்கைப் போல இதுவும் ஆகிவிடும், உனக்கு இரண்டு வரியில் எழுதி முடித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

“நாந்தானுங்க மாமா” என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அப்படியானால் அடுத்த வீட்டுக்காரன்?”

“காரன்னு நான் எழுதலீங்களே” என்றாள்.

கைப்பையிலிருந்து தாளை எடுத்துப் பார்த்தேன். அடுத்த வீட்டார் என்றுதான் இருக்கிறது. வந்தார், பறித்தார், நீட்டினார். நம் பாஷையில் மரியாதையாகச் சொன்னால் ஆணா பெண்ணா என்று தெரியாது. அது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இலக்கணம் சொல்லிக்கொடுத்தே பிழைத்த நான் அதை மூன்று தடவை படித்தேன், மூன்று தடவையும் ஓர் ஆண்பிள்ளையை அங்கே கொண்டுவந்து நிறுத்தினேன். அவள் எழுதாத ஆண்பிள்ளை. நீ கொண்டுவந்தவன், நான் கொண்டுவந்தவன்.

“மேரியம்மாங்க. பக்கத்து ஊட்டுல, எஞ்சின் டிரைவர் ஊட்டுக்காரம்மா. எனக்கு ஈரோட்டுல பேச்சுத் தொணை அவங்க மட்டுந்தானுங்க. நான் எழுதுனதெ வாசிச்சுக் காட்டுனா, கோழிக்குத் தீனி போட்டுக்கிட்டே நின்னு முச்சூடும் கேப்பாங்க. பத்திரிகைக்கு அனுப்புன்னு தபால்தலை குடுத்ததும் அவங்கதானுங்க.”

“இதை அவனிடம் சொல்லவேண்டியதுதானே?”

உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. பிறகு தலையைக் குனிந்தபடியே சொன்னாள்: “மொதல்ல எழுதுனதெ அவிங்களுக்குத்தானுங்க மாமா வாசிச்சுக் காட்டுனேன். அடுப்புல பால் பொங்குது பாருன்னாங்க. ரெண்டாந்தடவையும் அப்படித்தானுங்க. இப்பக் கதை அச்சுல வந்ததுக்கப்பறம் அடுத்த ஊட்டுல யாரு, யாருன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. பொட்டியெ அடுக்கி வெயில மறைச்ச ஆளு யாருன்னு ஒரு தடவைகூடக் கேக்கலீங்க.”

மகனே, நீ கேட்ட பொருள் இதுதான். உன் சந்தேகம் முழுக்கப் பொய் என்று நான் எழுதப்போவதில்லை. அந்தக் கதையில் உட்பொருள் இருக்கிறது. ஆனால் நீ அதை மதிலுக்கு அந்தப் பக்கம் போய்த் தேடினாய். அது இந்தப் பக்கத்தில், உன் வீட்டில், நீ நின்ற இடத்திலேயே இருந்தது. ரங்கசாமியின் பாட்டில் இல்லாததை நான் உள்ளே வைத்தேன். தெய்வானையின் கதையில் இருந்ததை நீ தாண்டிப் போனாய். இரண்டும் ஒரே வியாதிதான். கண் முதலிலேயே குற்றவாளியைத் தேடப் புறப்பட்டுவிட்டால் எதிரே நிற்பது எதுவும் அதற்குத் தெரியாது. இனி நீ எதைப் படித்தாலும், கொக்கு வந்தால் முதலில் அது கொக்காக நிற்கட்டும். அதன் கால் எத்தனை, தண்ணீர் எந்த மட்டத்தில் இருக்கிறது, பார்த்துக்கொண்டு நின்றவருக்கு அன்று என்ன நேர்ந்தது என்று பார். அதற்கு மேலும் அது ஏதோ சொன்னால், அது உன்னிடம் என்ன சொல்கிறது என்று கேள். மற்றவர்மேல் குற்றம் சாட்டுவதற்கு அதைப் பிடுங்கிக்கொண்டு ஓடாதே. இதை நான் வகுப்பில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்தப் பையன்களெல்லாம் இப்போது எங்கெங்கே யார் யாருக்குப் பொருள் எழுதிக்கொண்டிருக்கிறார்களோ.

நீ அனுப்பிய தாள்களைத் திருப்பி அனுப்பவில்லை. அவற்றில் நான் எழுதிய சொற்கள் உன் கண்ணில் படக் கூடாது.

சூலூரிலிருந்து திரும்பி வரும்போது உக்கடத்திலேயே இறங்கிக்கொண்டேன். வீட்டுக்குப் போய்விட்டால் மனம் மாறிவிடும் என்று தெரியும். ரங்கசாமி கடையில் தனியாகத்தான் இருந்தார். ஒரு சட்டைக்குக் கழுத்துப்பட்டை வைத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். அந்த மூன்று பக்கத்தை எழுதியவன் நான்தான் என்று சொன்னேன். மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. அந்த வரி முடிகிறவரை தைத்தார். நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

“வெள்ளைன்னு போட்டது நீங்கதான்னு அவிங்ககிட்டச் சொன்னீங்களா?” என்று கேட்டார்.

“இல்லை.”

“புள்ளை கதையெ நான் உங்ககிட்டச் சொன்னனே, அன்னைக்காச்சும் நீங்க இதெச் சொல்லியிருக்கலாமுங்க.”

காலில் விழலாமா என்று தோன்றியது. அதுவும் ஒரு நடிப்பாகிவிடும் என்று நின்றேன். அவர் சட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். கண் கலங்கியிருந்ததா என்று நான் பார்க்கவில்லை. பார்க்க எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது.

“கொஞ்ச நாளைக்கி இந்தப் பக்கம் வராதீங்க” என்றார்.

கோபத்திலும் அந்த ‘ங்க’ போகவில்லை. அதற்குள்ளே கேலி இருக்கிறதா, மன்னிப்பு இருக்கிறதா, ‘கொஞ்ச நாள்’ என்றால் எத்தனை நாள் என்றெல்லாம் தோண்டிக்கொண்டு நான் வீட்டுக்கு வரவில்லை. வராதே என்றால் வராதே என்று பொருள். வரும்போது நடந்தே வந்தேன். உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இன்று காலையில்தான், “மவனுக்கு எழுதிப்போட்டீங்களா?” என்று கேட்டாள்.

தெய்வானை உன்னை வராதே என்று சொல்லவில்லை. நான் கிளம்பும்போது, நீ வருவாயா என்றும் அவள் கேட்கவில்லை. நான் எழுதுகிறேன் என்று சொன்னதற்கு, “எழுதுங்க மாமா” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதற்குமேல் எனக்குத் தெரியாது, நீயும் ஊகிக்காதே. ஞாயிற்றுக்கிழமை லீவுதானே? போ. போய், பெட்டியை அடுக்கி வெயிலை மறைத்தவன் யார் என்று அவளிடம் கேள். அவள் சொல்லும்போது குறுக்கே பேசாதே.

உன் அப்பா